பிரவுசர் ஏன் அடிக்கடி விழுகிறது? ஒரு முப்பது வருட வரலாறு

பிரவுசர் அடிக்கடி கிராஷ் ஆகுது எண்டு யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். கேட்கிறவர் ஒரு நிமிடம்கூட யோசிக்க மாட்டார். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா? எக்ஸ்டென்ஷன் எல்லாத்தையும் நிப்பாட்டு. ஹாட்வெயார் அக்சலரேஷனை ஓஃப் பண்ணு. வைரஸ் கார்டைப் பார். அப்டேட் பண்ணு. இல்லாட்டி அழிச்சிட்டுத் திருப்பிப் போடு." விடுதியில் பக்கத்து அறை நண்பன் சொன்னாலும், லெப்டொப் திருத்துகிற கடை அண்ணா சொன்னாலும் பட்டியல் இதுதான். வரிசை மட்டும் கொஞ்சம் மாறும்.

ஏன் குறிப்பாக இந்த விசயங்கள்? யார் இதைப் பட்டியலாக்கினார்கள்?

நாங்கள் கலைப்பீடக்காரர். கணினி விஞ்ஞானம் எங்கட பாடமில்லை. ஆனால் ஒரு பட்டியலைக் கையில் தந்தால் அதை ஆவணமாக வாசிக்க எங்களுக்குத் தெரியும். ஒரு கல்வெட்டில் இந்த வரி ஏன் வந்தது, எந்தச் சண்டைக்குப் பிறகு வந்தது என்று கேட்கிற மாதிரி இந்தப் பட்டியலிடமும் கேட்கலாம். கேட்டால் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு வருடமும் ஒரு விபத்தும் இருப்பது தெரியவரும்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். முப்பது வருடமாகியும் பிரவுசர் விழுவதை அதைச் செய்தவர்களால் நிறுத்த முடியவில்லை. அவர்கள் செய்ததெல்லாம், அது விழும்போது கூடவே என்னென்ன விழ வேண்டும், அதற்கான செலவை யார் கட்ட வேண்டும் என்பதை மாற்றி மாற்றித் தீர்மானித்ததுதான். அந்தச் செலவில் ஒரு பங்கை இப்போது பழைய லெப்டொப்பும் மலிவான போனும் வைத்திருக்கிற நாங்கள் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

கிராஷ் என்றால் என்ன?

முதலில் இரண்டைப் பிரித்துக்கொள்வோம். பக்கம் அசையாமல் நிற்கிறது, எதை அழுத்தினாலும் பதிலில்லை என்றால் அது ஹேங். நிரல் இன்னும் உயிரோடு இருக்கிறது, ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. சாளரமே சட்டென்று மறைந்தால், அல்லது டெப்பில் ஒரு சோக முகம் வந்தால் அது கிராஷ். அங்கே நிரல் செத்துவிட்டது.

கொன்றது பெரும்பாலும் இயங்குதளம்தான். ஒவ்வொரு நிரலுக்கும் நினைவகத்தில் ஒரு இடம் ஒதுக்கப்படுகிறது. தனக்குத் தராத இடத்தை ஒரு நிரல் தொட்டால் வின்டோஸோ லினக்ஸோ அதை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். இன்றைய பிரவுசர்களின் பெரும்பகுதி சி++ மொழியில் எழுதப்பட்டது. அந்த மொழியில் நினைவகத்தை எப்போது எடுப்பது, எப்போது திருப்பிக் கொடுப்பது என்பதெல்லாம் எழுதுகிறவரின் பொறுப்பு. விடுதி அறையைக் காலி செய்து திறப்பையும் கொடுத்த பிறகு, பழைய ஞாபகத்தில் திரும்ப அதே அறைக்குள் நுழைகிற மாதிரி ஒரு பிழை இதில் அடிக்கடி நடக்கும். அறை வெறுமையாக இருந்தால் ஒன்றும் நடக்காது. வேறொருவர் குடிவந்திருந்தால் பிரச்சினை. அதனால்தான் ஒரே பக்கம் நேற்று விழுந்து, இன்றைக்கு ஒழுங்காக வேலை செய்கிறது. 2020இல் குரோம் குழுவினர் தங்களுடைய கடுமையான பாதுகாப்புப் பிழைகளைக் கணக்கெடுத்தபோது ஏறத்தாழ 70 சதவீதம் இப்படியான நினைவகப் பிழைகளாக இருந்தன.

இதில் ஒரு விசயம் தெளிவு. பாவிக்கிறவர் எதையோ பிழையாக அழுத்தியதால் நிரல் சாவதில்லை. என்னத்தை அழுத்தினாலும் சாகாமல் இருப்பது நிரலை எழுதியவரின் வேலை.

வாசிக்கிற கருவி ஓட்டுகிற கருவியானது

1990இல் சேர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பேர்ணர்ஸ் லீ எழுதிய முதல் பிரவுசர் ஆவணங்களை வாசிக்கிற கருவி. ஒரு ஆவணத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம், திருத்தி எழுதலாம். 1993இல் இலினோய் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையத்தில் மார்க் அன்ட்ரீசனும் எரிக் பினாவும் மொசெய்க் பிரவுசரை வெளியிட்டார்கள். எழுத்துக்கு நடுவே படமும் வந்தது, உலகம் அதன்பின்னால் ஓடியது. மொசெய்க்கை எழுதத் தொடங்கியபோது அன்ட்ரீசன் எங்களைப் போல ஒரு இளங்கலை மாணவர். 1994இல் அவரும் ஜிம் கிளார்க்கும் தொடங்கிய நிறுவனம் நெட்ஸ்கேப்.

1995தான் திருப்பம். அந்த மே மாதம் நெட்ஸ்கேப்பில் வேலை செய்த பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். அதே காலத்தில் ப்ளகின் என்ற ஏற்பாடும் வந்தது. வெளிநிறுவனம் ஒன்று எழுதிய நிரலை பிரவுசரின் உள்ளேயே கொண்டுவந்து ஓட்டலாம். இதோடு பிரவுசரின் வேலையே மாறிப்போனது. அதுவரை அது முன்பின் தெரியாதவர்கள் எழுதியதை வாசித்தது. இனிமேல் அவர்கள் எழுதியதை இயக்க வேண்டும்.

மேசைக் கணினிகள் அதற்குத் தயாராக இருக்கவில்லை. வின்டோஸ் 3.1, அந்தக் காலத்து மக்கின்டோஷ் ஆகியவற்றில் ஒரு நிரலுக்கும் இன்னொன்றுக்கும் இடையே ஒழுங்கான மதில் கிடையாது. பிரவுசர் விழுந்தால் எழுதிக்கொண்டிருந்த கடிதமும் சேர்ந்து போகும். சிலவேளை முழுக் கணினியையும் நிறுத்தித் திருப்பிப் போட வேண்டும். பட்டியலின் முதல் வரியான "ரீஸ்டார்ட் பண்ணு" அந்தக் காலத்துப் பழக்கம்.

இதற்கிடையில் 1995 ஓகஸ்டில் மைக்ரோசொப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வந்தது. பிரவுசர் போர் தொடங்கியது. யாரிடம் புது வசதி அதிகம் என்பதே கேள்வி. யாருடையது குறைவாக விழுகிறது என்று விளம்பரம் செய்து போரில் வென்றவர் இல்லை.

குப்பையைப் போட்டுப் பார்த்தவர்கள்

இடையில் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும். 1988இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், இடிமின்னலோடு மழை பெய்த ஒரு இரவில் வீட்டிலிருந்து தொலைபேசி இணைப்பு மூலம் கம்பஸ் கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார். மழையால் இணைப்பில் இரைச்சல், அவர் தட்டாத எழுத்துகள் கலந்து போகின்றன. அந்தக் குப்பை எழுத்துகளை வாங்கிய யுனிக்ஸ் நிரல்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. வேறொருவர் என்றால் இணைப்பைத் திட்டிவிட்டுப் படுத்திருப்பார். மில்லர் அதைத் தன் வகுப்பு மாணவர்களுக்கு ஒப்படையாகக் கொடுத்தார்: எழுந்தமானமான எழுத்துகளை நிரல்களுக்குள் கொட்டுங்கள், எது விழுகிறது என்று பாருங்கள். சோதித்த நிரல்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒன்று, சில இயங்குதளங்களில் மூன்றில் ஒன்று, விழுந்தன அல்லது ஹேங் ஆகின. 1990இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். "ஃபஸிங்" என்ற சோதனை முறைக்கு அங்கேதான் பெயர் வந்தது.

பிரவுசருக்கு இந்தச் சோதனை நன்றாகப் பொருந்தும். ஏனென்றால் இணையப் பக்கங்களில் பாதி இலக்கணப் பிழையோடு எழுதப்பட்டவை. திறந்த குறியை மூடியிருக்க மாட்டார்கள், ஒன்றுக்குள் ஒன்று பிழையாக இருக்கும். "இந்தப் பக்கம் பிழை" எண்டு பிரவுசர் சொல்வதில்லை. என்ன சொல்ல வந்திருப்பார்கள் என்று ஊகித்துக் காட்டுகிறது. இணையம் எல்லாருக்குமாகப் பரவியதற்கு இந்தப் பெருந்தன்மை ஒரு காரணம். கணினி படிக்காதவர்களும் பக்கம் எழுத முடிந்தது. ஆனால் ஊகிக்கிற ஒவ்வொரு இடமும் பிழை ஒளிந்திருக்கக்கூடிய இடம்.

2004 ஒக்டோபரில் போலந்தைச் சேர்ந்த மிக்கால் சலெவ்ஸ்கி, சிதைந்த பக்கங்களைத் தானாக உருவாக்கும் ஒரு சிறிய நிரலை எழுதிப் பிரவுசர்களுக்குக் கொடுத்தார். மொசில்லா விழுந்தது. ஒபேரா விழுந்தது. படமே காட்டாத லின்க்ஸ்கூட விழுந்தது. எல்லாரும் திட்டித் தீர்த்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர்தான் அந்தச் சோதனையில் அசையாமல் நின்றது! திறந்த மூலப் பிரவுசர்களை நேசித்தவர்களுக்கு அது நல்ல அடி. 2007இல் மொசில்லாவின் ஜெஸி ருடர்மன், ஜாவாஸ்கிரிப்டுக்கு இதே மாதிரிச் சோதனை செய்யும் கருவியை வெளியிட்டார். இன்றைக்கு குரோமும் பயர்பொக்ஸும் வெளியாவதற்கு முன்பு கணினிகள் இரவு பகலாக அவற்றுக்குள் குப்பை கொட்டிக்கொண்டிருக்கின்றன. பட்டியலில் "அப்டேட் பண்ணு" என்ற வரியின் பெறுமதி இதுதான். ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் யாரோ ஏற்கெனவே விழுத்திப் பார்த்துத் திருத்திய ஓட்டைகள் கன இருக்கும்.

விழுந்ததை யார் எண்ணுகிறார்கள்?

வீட்டில் ஒரு பிரவுசர் விழுந்தால் அதைச் செய்தவருக்கு எப்படித் தெரியும்? 90களின் பிற்பகுதியில் நெட்ஸ்கேப் "டோக்பேக்" என்றொரு கருவியைச் சேர்த்தது. பிரவுசர் விழுந்ததும் ஒரு சிறு பெட்டி எழும்பி, நடந்ததை நிறுவனத்துக்கு அனுப்பலாமா எண்டு கேட்கும். அனுப்பினால், சாகிற நேரத்தில் நிரல் எந்த வரியில் நின்றது, அந்த வரிக்கு எந்த வழியால் வந்தது என்ற தடயம் போய்ச் சேரும். பிரேத பரிசோதனை அறிக்கை மாதிரி.

1998 மார்ச் 31இல் நெட்ஸ்கேப் தன் மூல நிரலை உலகத்துக்குத் திறந்துவிட்டது. மொசில்லா பிறந்தது. அதே வருடம் டெரி வைஸ்மன் எழுதிய பக்ஸில்லா என்ற பிழைப் பதிவேடும் பொதுவுக்கு வந்தது. இது சின்ன விசயம் இல்லை. அதுவரை ஒரு நிறுவனத்தின் பிழைகள் நிறுவனத்துக்குள்ளேயே இருந்தன. இப்போது யாரும் போய் "எனக்கு இது விழுகிறது" எண்டு எழுதலாம். எழுதியதை யாரும் வாசிக்கலாம். பத்து, பதினைந்து வருடம் மூடப்படாமல் கிடக்கிற முறைப்பாடுகளும் அங்கே அப்படியே இருக்கின்றன. எங்களுக்கு அது ஒரு ஆவணக் காப்பகம்.

2008 ஜூனில் வந்த பயர்பொக்ஸ் 3இல் டோக்பேக்குக்குப் பதிலாக பிரேக்பேட் என்ற திறந்த மூலக் கருவி வந்தது. அதன்பிறகு வந்துசேரும் அறிக்கைகளின் எண்ணிக்கையை யாரும் இணையத்தில் பார்க்கலாம். ஒரே இடத்தில் விழுந்தவற்றை ஒன்றாக அடுக்கி, எது அதிகமோ அதை முதலில் திருத்துகிறார்கள்.

நியாயமான முறைதான். ஆனால் குடிசன மதிப்பீட்டுக்கு இருக்கிற குறை இதற்கும் இருக்கிறது. கணக்கில் வராதவர்கள் கொள்கையிலும் வரமாட்டார்கள். டேட்டா முடிந்துபோகும் எண்டு அறிக்கை அனுப்பாமல் பெட்டியை மூடுகிறவருடைய கிராஷ் அந்த அடுக்கில் ஏறுவதில்லை.

மதில் எழுப்பிய கதை

2004 நவம்பரில் பயர்பொக்ஸ் 1.0 வந்தது. அதன் பெரிய கவர்ச்சி எக்ஸ்டென்ஷன்கள். அந்தக் காலத்து எக்ஸ்டென்ஷன் ஒன்றுக்கு வீட்டின் எல்லா அறைத் திறப்பும் கையில் இருந்தது. பிரவுசரின் எந்தப் பகுதியையும் அது மாற்றலாம். ஆகவே ஒரு கெட்ட எக்ஸ்டென்ஷன் முழுப் பிரவுசரையும் சாய்க்கும். எல்லா எக்ஸ்டென்ஷனையும் நிறுத்தி வைத்துவிட்டுப் பிரவுசரைத் திறக்கிற "சேப் மோட்" பிரபலமானது இதனால்தான். 2017 நவம்பரில் பயர்பொக்ஸ் 57 அந்தப் பழைய எக்ஸ்டென்ஷன் முறையையே கைவிட்டது. கன பேருக்குக் கோபம். விருப்பமான எத்தனையோ எக்ஸ்டென்ஷன்கள் ஒரே நாளில் வேலை செய்யாமல் போயின. உறுதிக்காகக் கொடுத்த விலை அது.

2006 ஒக்டோபரில் வந்த பயர்பொக்ஸ் 2, விழுந்த பிறகு திறந்திருந்த டெப்புகளைத் திரும்பக் கொண்டுவரும் வசதியைத் தன்னுள்ளேயே சேர்த்துக்கொண்டது. இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "விழ மாட்டோம்" என்ற வாக்குறுதியை விட்டுவிட்டு, "விழுவோம், ஆனா எழும்புவோம்" என்று சொல்லத் தொடங்கிய இடம் அது.

அடுத்த படியை கூகிள் எடுத்தது. 2008 செப்டெம்பர் 2இல் குரோம் வந்தபோது அதை விளக்க ஒரு சித்திரக்கதைப் புத்தகம் வெளியிட்டார்கள். வரைந்தவர் சித்திரக்கதைகள் பற்றிய நூல்களால் பெயர்பெற்ற ஸ்கொட் மக்லௌட். அதன் மையக் கருத்து இதுதான்: இதுவரை எல்லா டெப்பும் ஒரே கூரையின் கீழ் இருந்தன, ஒன்று தீப்பிடித்தால் எல்லாம் எரியும். இனி ஒவ்வொரு டெப்பையும் தனி நிரலாக ஓட்டுவோம். இயங்குதளம் நிரல்களுக்கிடையே எழுப்பும் மதிலை டெப்புகளுக்கிடையிலும் எழுப்புவோம். ஒன்று செத்தால் சோக முகத்தோடு அது மட்டும் சாகட்டும்.

வந்த முதல் வாரத்திலேயே ஒரு வேடிக்கை நடந்தது. முகவரிப் பட்டையில் ஏதாவது ஒரு சொல்லை எழுதி, அதன் பின்னால் முக்காற்புள்ளியும் சதவீதக் குறியும் போட்டால், சோதனைப் பதிப்பாக இருந்த குரோம் எல்லா டெப்போடும் சேர்ந்து விழுந்தது. காரணம், முகவரிப் பட்டையைக் கவனிப்பது டெப் இல்லை. எல்லா டெப்பையும் மேய்க்கிற தாய் நிரல். மதில் எத்தனை எழுப்பினாலும் வாசல் காவலாளி மயங்கினால் என்ன செய்யிறது? உடனே திருத்தினார்கள். ஆனால் 2015 செப்டெம்பரில் பதினாறே எழுத்துள்ள இன்னொரு முகவரி இதே சேட்டையைத் திரும்பவும் செய்தது.

2009 மார்ச்சில் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 இதே வழியில் போனது. பயர்பொக்ஸுக்கு நெடுநாள் எடுத்தது. 2009இல் தொடங்கிய வேலை 2016 ஓகஸ்டில் பதிப்பு 48இல்தான் பாவனையாளரிடம் வந்தது. அதுவும் முதலில் நூற்றுக்கு ஒருவருக்கு. எல்லாம் ஒரே வீட்டுக்குள் இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட எக்ஸ்டென்ஷன்கள் அவ்வளவு இருந்தன.

வெளியாட்கள்: ப்ளாஷ், கிராபிக்ஸ், வைரஸ் கார்ட்

பிரவுசர் விழுந்த எல்லா நேரமும் பிழை பிரவுசருடையது இல்லை. யூடியூப் வீடியோவும் விளையாட்டும் ஒருகாலத்தில் அடோபியின் ப்ளாஷ் ப்ளகினில்தான் ஓடின. 2010 ஏப்ரலில் அப்பிளின் ஸ்டீவ் ஜொப்ஸ் வெளியிட்ட திறந்த கடிதத்தில், மக் கணினிகள் விழுவதற்கு முதற்காரணம் ப்ளாஷ்தான் என்று குற்றஞ்சாட்டினார். போட்டியாளரின் வார்த்தை என்று அதைத் தள்ளிவிட முடியாது. இரண்டே மாதத்தில், அந்த ஜூனில் வந்த பயர்பொக்ஸ் 3.6.4 ப்ளாஷை வெளியே தள்ளித் தனி நிரலாக ஓட்டத் தொடங்கியது. கடைசியில் 2020 டிசம்பர் 31ஓடு அடோபி ப்ளாஷைக் கைவிட்டது. விழுவது குறைந்தது. அதோடு ப்ளாஷில் செய்த ஆயிரக்கணக்கான விளையாட்டுகளும் அசைபடங்களும் திறக்க முடியாமல் போயின. ஒரு தலைமுறையின் சிறுபிள்ளைக் காலம் அது.

2011 மார்ச்சில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 9உம் பயர்பொக்ஸ் 4உம் பக்கத்தை வரைகிற வேலையை கிராபிக்ஸ் சிப்புக்குக் கொடுத்தன. ஹாட்வெயார் அக்சலரேஷன் என்பது இதுதான். வேகம் கூடியது. ஆனால் சிப்போடு கதைக்க டிரைவர் என்ற இடைநிலை நிரல் வேண்டும். அதை எழுதுவது சிப் செய்யும் நிறுவனம். பழைய சிப்புகளுக்கு அவர்கள் புது டிரைவர் தருவதை நிறுத்திவிடுவார்கள். பிரவுசர்கள், நம்ப முடியாத டிரைவர்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு அவை வந்தால் இந்த வசதியைத் தாங்களே நிறுத்துகின்றன. பட்டியலில் இல்லாதது உங்களுடையது என்றால், நீங்களேதான் ஓஃப் பண்ண வேண்டும்.

மூன்றாவது வெளியாள் வைரஸ் கார்ட். காவல் காக்கிறேன் என்று சொல்லித் தன்னுடைய நிரலைப் பிரவுசருக்குள் செருகுகிற பழக்கம் அதற்கு உண்டு. வின்டோஸில் குரோம் பாவிப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் கணினியில் குரோமோடு தொடர்பாடும் வேறு மென்பொருட்கள் இருப்பதாகவும், நிரலைச் செருகும் மென்பொருள் உள்ளவர்களுக்கு கிராஷ் 15 சதவீதம் அதிகம் என்றும் 2017 நவம்பரில் கூகிள் அறிவித்தது. அடுத்த வருடத்திலிருந்து அந்தச் செருகலைத் தடுக்கத் தொடங்கினார்கள்.

மதிலுக்கு யார் காசு கட்டுகிறார்கள்?

இனி எங்கட கதை.

ஒவ்வொரு டெப்பும் தனி நிரல் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம் வேண்டும். ஒரே வீட்டில் பத்துப் பேர் இருந்ததற்குப் பதிலாகப் பத்து வீடு, பத்துக் குசினி, பத்துக் கிணறு. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற ஓட்டைகள் சிப்புகளிலேயே இருப்பது வெளியே வந்தது. ஒரு தளம் இன்னொரு தளத்தின் இரகசியத்தை நினைவகத்திலிருந்து களவாட வழி இருக்கிறது. அதற்குப் பதிலாக குரோம் அந்த வருடமே மேசைக் கணினிகளில் தளத்துக்குத் தளம் மதில் எழுப்பியது. நினைவகச் செலவு 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று அவர்களே சொன்னார்கள்.

16 ஜிபி ரேம் உள்ளவருக்கு அது பெரிதாகத் தெரியாது. 4 ஜிபி லெப்டொப்பில் ஒப்படை எழுதுகிறவருக்கு அது இரண்டு, மூன்று டெப். ரேம் முடிந்தால் பிரவுசர் ஏதாவது ஒரு டெப்பைக் கொல்ல வேண்டி வரும். எங்கள் தலைமுறை காண்கிற கிராஷ்களில் கன இந்த வகை. கிராஷிலிருந்து காப்பாற்ற எழுப்பிய மதிலே இடத்தை எடுத்துக்கொள்கிறது, இடம் போதாமல் திரும்பவும் கிராஷ். பிரவுசர் உடைந்திருக்காது. அதைத் திட்டமிட்டவர் மனதில் இருந்த கணினி எங்கட மேசையில் இல்லை, அவ்வளவுதான்.

போனில் விசயம் இன்னும் வெளிப்படை. 2019இல் இந்தப் பாதுகாப்பு அன்ட்ரொய்ட் குரோமுக்கு வந்தபோது, கடவுச்சொல் கொடுத்து நுழைகிற தளங்களுக்கு மட்டும், அதுவும் 2 ஜிபி ரேமாவது உள்ள போன்களுக்கு மட்டும் என்று வந்தது. தொழில்நுட்பக் காரணம் விளங்குகிறது. சின்னப் போனில் அதை வலிந்து திணித்தால் போன் நகராது. ஆனாலும் கேள்வி நிற்கிறது. மலிவான போனிலும் அதே வங்கிக் கணக்கு, அதே கடவுச்சொல்தானே இருக்கிறது? பாதுகாப்பு ரேம் அளவைப் பார்த்து வருகிறதென்றால், அது வசதியைப் பார்த்தும் வருகிறது என்றுதான் அர்த்தம்.

இன்னொரு செலவு மொழி வழியாக வருகிறது. 2013இல் ஒரு அரபு எழுத்துத் தொடரைக் காட்ட முயன்றபோது அப்பிளின் சபாரி பிரவுசர் விழுந்தது. 2018 பெப்ரவரியில் ஒரு தெலுங்கு எழுத்து ஐபோன்களை உலுப்பியது. ஜ, ஞ, ஆ சேர்ந்த கூட்டெழுத்து, நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி. ஞானம் என்ற சொல்லைத் தெலுங்கில் எழுதினால் வருகிற முதல் எழுத்துக் கிட்டத்தட்ட அதுதான். அதைக் காட்ட முயன்ற செயலிகள் எல்லாம் விழுந்தன. சில நாட்களில் அப்பிள் திருத்தியது. செய்திகளில் அதை ஒரு "மர்ம எழுத்து" என்று வேடிக்கையாக எழுதினார்கள். கோடிக்கணக்கானவர்கள் எழுதுகிற ஒரு மொழியின் எழுத்துமுறையில் என்ன மர்மம்? தமிழில் "கொ" என்று எழுதினாலே ஒரு மெய்யின் இரண்டு பக்கமும் குறி வருகிறது. இலத்தீன் எழுத்து மாதிரி ஒன்றுக்குப் பின் ஒன்றாக அடுக்கினால் போதாது. எங்கட எழுத்துக் குடும்பங்களை வடிவாகச் சோதிக்காமல் வெளியே விட்டால், சோதிக்கிற வேலை பாவிக்கிறவர் தலையில் விழும்.

2022 ஜனவரி 13ஐயும் சொல்ல வேண்டும். அன்றைக்கு உலகம் முழுக்க பயர்பொக்ஸ் திறந்தது, ஆனால் ஒரு பக்கமும் வரவில்லை. இது ஹேங் வகை. மொசில்லா பாவித்த மேகக் கணினிச் சேவையில் ஒரு மாற்றம் நடந்து, புதிய வகை இணைப்புமுறை ஒன்று தானாக இயங்கத் தொடங்கியிருந்தது. பயர்பொக்ஸுக்குள் ஒரு தலைப்புச் சொல்லின் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டைக் கவனிக்காத ஒரு பழைய பிழை தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் சந்தித்தவுடன் முடிவில்லாச் சுற்று. பாவனைத் தரவை மொசில்லாவுக்கு அனுப்புகிற வழியில்தான் இது சிக்கியது என்பது வேறு கதை. அன்று காலை எத்தனை பேர் தங்கட கணினி பழுது எண்டு நினைத்துப் பிரவுசரை அழித்து அழித்துப் போட்டிருப்பார்கள்!

அப்போ என்ன செய்யலாம்?

வரலாறு தெரிந்தால் பட்டியலைக் கண்மூடித்தனமாகச் செய்யத் தேவையில்லை. முதலில் கேட்க வேண்டியது: எது விழுகிறது?

1. ஒரு தளம் மட்டும் விழுந்தால் பிழை பெரும்பாலும் அந்தத் தளத்தில். இன்னொரு பிரவுசரில் திறந்து பாருங்கள். மற்ற எதையும் தொட வேண்டாம்.

2. டெப்புகள் மாறி மாறி விழுந்தால் ரேமைப் பாருங்கள். வின்டோஸின் டாஸ்க் மனேஜர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும். டெப்பைக் குறையுங்கள். குரோமில் மெமரி சேவரைப் போடுங்கள். நீண்ட விண்ணப்பப் படிவம் என்றால் பதில்களை வேறொரு இடத்தில் எழுதி வைத்துவிட்டு ஒட்டுங்கள்.

3. முழுப் பிரவுசரும் விழுந்தால் எக்ஸ்டென்ஷன்களை நிறுத்திப் பாருங்கள். விழுவது நின்றால் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுக் குற்றவாளியைப் பிடியுங்கள். வீடியோ பார்க்கும்போதும் பெரிய படங்களை உருட்டும்போதும் விழுந்தால் ஹாட்வெயார் அக்சலரேஷனை நிறுத்துங்கள்.

4. திறந்த உடனேயே விழுந்தால் வைரஸ் கார்டையும் புரொபைலையும் சந்தேகியுங்கள். அழித்துத் திருப்பிப் போட்டும் சரிவராததற்குக் காரணம் இந்தப் புரொபைல்தான். பிரவுசரை அழித்தாலும் உங்கட அமைப்புகள் இருக்கிற கோப்புறை வழக்கமாக அப்படியே கிடக்கும், பழைய நோயோடு. புதுப் புரொபைல் ஒன்று உருவாக்கிப் பாருங்கள். பயர்பொக்ஸில் "ரிப்ரெஷ்" என்ற பொத்தான் புக்மார்க்கையும் கடவுச்சொற்களையும் காப்பாற்றிக்கொண்டு இதைச் செய்யும்.

5. கணினியே நீலத் திரையோடு விழுந்தால் பிரவுசரைத் திட்டிப் பலனில்லை. டிரைவர், சூடு, ரேம். வின்டோஸிலேயே ரேமைச் சோதிக்கிற கருவி இருக்கிறது.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை விழும்போது அறிக்கை அனுப்பவா எண்டு கேட்டு ஒரு பெட்டி வந்தால், முடிந்தால் அனுப்புங்கள். பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தின் முகவரியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பயர்பொக்ஸ் தனியாகக் கேட்கும். அதை எடுத்துவிட்டே அனுப்பலாம். பழைய லெப்டொப், குறைந்த ரேம், தமிழ்ப் பக்கம் எல்லாம் அந்தக் கணக்கில் ஏற வேண்டும். யாரும் அனுப்பாவிட்டால், எங்கட மேசையில் இருக்கிற மாதிரிக் கணினி ஒன்று உலகத்தில் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

"உனக்குக் கம்பியூட்டர் பாவிக்கத் தெரியாது" எண்டு யாரும் சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.